முதல் பக்கத்துக்கு எந்தச் செய்தி போகும் என்று முடிவு செய்வது யார்?

சிப்புட்_டீச்சர் (கேள்வி)

வணக்கம். பத்திரிகைத் துறையில் இருப்பவர்கள், முன்பு இருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் தயவுசெய்து பதில் சொல்லுங்கள். ஒரு நாளிதழின் முதல் பக்கத்தில் எது வரவேண்டும், எது உள்பக்கத்துக்குப் போகவேண்டும், எது வரவே வேண்டாம் என்று யார் முடிவு செய்கிறார்கள், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். மாலையில் படிவம் 4, படிவம் 5 பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். கட்டுரைப் பயிற்சிக்கு நாளிதழ் கொண்டு வரச் சொல்வது வழக்கம். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம், ஒரு நில நிறுவனத்துக்குக் கைமாறிவிட்டது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மூன்று தலைமுறையாக இருந்த குடும்பங்களுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்து, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கு எடுக்கப்பட்ட அன்று ஊரில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. அரசியல் தலைவர் ஒருவர் மண்டபத்துக்கு வந்து வசதி குறைந்தவர்களுக்கு அரிசி, எண்ணெய், மாவு எல்லாம் போட்ட அன்பளிப்புப் பொட்டலம் கொடுத்தார். மறுநாள் ஒரு தமிழ் நாளிதழின் முதல் பக்கத்தில் பொட்டலம் கொடுக்கும் படம் பாதிப் பக்கத்துக்கு வந்திருந்தது. தோட்டத்து வழக்கு உள்ளே, கீழ் மூலையில் இரண்டே பத்தி. இன்னொரு நாளிதழில் அதுவும் இல்லை. மூன்றாவதாக ஒரு பையன் கொண்டு வந்தது மலாய் நாளிதழ். அதில் வழக்கைப் பற்றி ஒரு வரி கிடையாது, ஆனால் அதே நிலத்தில் வரப்போகும் வீடமைப்புத் திட்டத்துக்கு முழுப் பக்க விளம்பரம் இருந்தது.

பிள்ளைகளில் இரண்டு பேர் அந்த லயத்திலிருந்து வருகிறவர்கள். "டீச்சர், நாங்க அன்னைக்கு கோர்ட்டு வாசல்லதான் நின்னோம், படம் எடுக்க ஒருத்தர் வந்தாரே, ஏன் போடல?" என்று ஒரு பெண் கேட்டாள். எனக்கு நேர்மையான பதில் தெரியவில்லை.

இது வேண்டுமென்றே செய்யும் ஒரு பக்கச் சார்பா, இல்லை தொழில் நடக்கும் விதமே அப்படித்தானா? பத்திரிகையையே வெறுக்க வைக்காமல் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? எனக்குத் தமிழ் நாளிதழ்கள் மேல் மரியாதை உண்டு, அதனால்தான் கேட்கிறேன்.

---

பழைய_மேசை

தங்கச்சி, நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராகப் பல ஆண்டு வேலை பார்த்தவன். இப்போது ஓய்வு. எந்த நாளிதழ் என்று சொல்லப் போவதில்லை, ஆனால் மேசையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். செய்தி வருவதற்கு முன்பே விளம்பரம் வந்துவிடும். எந்தப் பக்கத்தில் எவ்வளவு இடம் விளம்பரத்துக்கு என்று கோடு போட்ட தாள் மேசைக்கு வரும், மிச்சம் இருக்கும் இடம்தான் செய்திக்கு. தீபாவளி, தைப்பூச நேரத்தில் முதல் பக்கத்தையே மூடிக்கொண்டு வாழ்த்து விளம்பரம் வரும். ஆகவே செய்திகளுக்குள் நடக்கும் போட்டி முழுப் பக்கத்துக்கு அல்ல, விளம்பரம் விட்டு வைத்த இடத்துக்கு.

அப்புறம் கூட்டம். மத்தியானத்துக்கு மேல் ஆசிரியர், செய்தி ஆசிரியர், பக்கம் அமைப்பவர் உட்கார்ந்து அன்றைய பட்டியலைப் பார்ப்பார்கள். அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவிலிருந்து வருவது ஒரு பங்கு, அதை மொழிபெயர்த்தால் போதும். அமைச்சர் அலுவலகம், கட்சி, சங்கம் அனுப்பும் அறிக்கை இன்னொரு பங்கு. அது பெரும்பாலும் தமிழிலேயே தட்டச்சு செய்து, படத்தோடு, படத்தில் நிற்பவர்களின் பெயர் இடமிருந்து வலமாக எழுதி, பட்டங்கள் ஒன்றுகூட விடாமல் வந்து சேரும். அதைப் போட மேசையில் பத்து நிமிட வேலை. உங்கள் தோட்டத்து வழக்கு அப்படி வராது. அதற்கு ஒருவர் நீதிமன்றம் போகவேண்டும், வழக்குத் தாளைப் படிக்கவேண்டும், எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும், தப்பாக ஏதாவது எழுதிவிட்டால் வழக்கறிஞர் கடிதம் வரும் என்ற பயம் வேறு. ஆள் பற்றாக்குறை உள்ள மேசையில் எது ஜெயிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் ஊரில் படம் எடுக்க வந்தவர் வட்டார நிருபராக இருப்பார். அவருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, வெளிவந்த செய்திக்கு ஏற்ப ஏதோ கிடைக்கும். சில ஊர்களில் அதே ஆள்தான் விளம்பரமும் பிடித்துக் கொடுக்கவேண்டும். மண்டபத்தில் பொட்டலம் கொடுத்தவரிடம்தான் அவர் அடுத்த மாதம் தீபாவளி விளம்பரம் கேட்டுப் போகவேண்டும் என்றால், அவர் அனுப்பும் இரண்டு செய்தியில் எதை முதலில் அனுப்புவார், எதை விரிவாக எழுதுவார்? நான் அவரைக் குறை சொல்லவில்லை. அந்த நிலைமையில் அவரை நிறுத்தி வைத்தது யார் என்றுதான் கேட்கவேண்டும்.

நேரமும் ஒரு காரணம். அச்சகம் தலைநகரத்தில், லாரி வடக்கேயும் ஜொகூர் பக்கமும் போய்ச் சேரவேண்டும், அதனால் வெளியூர்ப் பதிப்பை முன்னதாகவே மூடிவிடுவார்கள். மாலை ஆறு மணிக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து வரும் செய்தி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் முதல் பக்கத்தில் ஏறுவது கஷ்டம்.

இன்னொன்று உண்டு, அதைச் சொல்லாமல் இருந்தால் நான் முழு உண்மை சொன்னவன் ஆகமாட்டேன். அது பெர்மிட். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி நாளிதழ் நடத்த உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். 2012ல் சட்டம் திருத்தப்படும்வரை அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. 1987ல் அரசாங்கம் பலரைக் கைது செய்த லாலாங் நடவடிக்கையின்போது தி ஸ்டார், சின் சியூ, வத்தான் மூன்று பத்திரிகைகளையும் நிறுத்தினார்கள். 2007 ஆகஸ்டில் ஏசுநாதர் படம் ஒன்றுக்காக மக்கள் ஓசை என்ற தமிழ் நாளிதழை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். 2008 பொதுத் தேர்தல் முடிந்த அடுத்த மாதமே அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்து, முறையீடு செய்த பிறகு கொடுத்தார்கள். ஒரு மாதம் பத்திரிகை வராவிட்டால் சம்பளம் வாங்குகிற எத்தனை குடும்பம் என்று எண்ணிப் பாருங்கள். எந்த அமைச்சரும் தொலைபேசியில் கூப்பிட்டு "இதைப் போடாதே" என்று சொல்லத் தேவையில்லை. மேசையில் உட்கார்ந்திருப்பவன் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்ப்பக்கத்துக்கு நகர்த்திவிடுவான். அந்தக் கைப்பழக்கம் சட்டம் மாறிய பிறகும் சீக்கிரம் போவதில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: அன்றைக்கு யாரும் உட்கார்ந்து "தோட்டத்து மக்களை ஒதுக்குவோம்" என்று திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எல்லாக் காரணமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது, அதனால் முடிவும் ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கமே சாய்கிறது. திட்டம் போட்டுச் செய்வதைவிட இது மோசம் என்பது என் கருத்து, ஏனென்றால் கேட்டால் யாரும் பொறுப்பு ஏற்க மாட்டார்கள்.

---

கடைத்தெரு

நான் பத்திரிகை விற்கிறவன், படிப்பு கம்மி, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். முதல் பக்கம் எங்கள் பிழைப்பு. கம்பியில் தொங்கவிடும்போது மடிப்புக்கு மேல் உள்ள பாதி மட்டும்தான் தெரியும். அந்தப் பாதியில் சினிமா நடிகர் மரணமோ, பெரிய விபத்தோ, கோயில் தகராறோ இருந்தால் பத்து மணிக்குள் கட்டு காலியாகிவிடும். வயதானவர்கள் வாங்கியதும் நேராக மரண அறிவித்தல் பக்கத்துக்குப் போவார்கள், யார் போனார்கள் என்று பார்க்க. தோட்டத்து வீட்டுப் பிரச்சினை மேல்பாதியில் வந்த நாளும் உண்டு, அன்றைக்கு இந்த வட்டாரத்தில் நன்றாகவே விற்றது. அதனால் "மக்கள் அதை வாங்க மாட்டார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் ஊரில் வாங்குவார்கள். ஆனால் கோலாலம்பூரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எங்கள் ஊரில் விற்கும் எண்ணிக்கை சின்னது.

---

பினாங்கு_மாணவி

அக்கா, நான் தொடர்புத்துறை படிக்கிறேன். பழைய மேசை ஐயா சொன்னதைப் பற்றி வெளிநாட்டில் ரொம்ப காலத்துக்கு முன்பே ஆய்வு செய்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும் என்று எழுதுகிறேன்.

1950ல் டேவிட் மேனிங் ஒயிட் என்பவர் அமெரிக்காவில் ஒரு சிறு நகரப் பத்திரிகையின் மேசையில் இருந்த ஓர் ஆசிரியரைப் பற்றி எழுதினார். செய்தி நிறுவனங்களிலிருந்து வந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பத்திரிகையில் வந்தது. மிச்சத்தை ஏன் ஒதுக்கினீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதச் சொன்னார். "இடமில்லை" என்பது நிறைய வந்தது. கூடவே அவருடைய சொந்த விருப்பு வெறுப்பும் அந்தக் குறிப்புகளில் வெளிப்படையாகவே இருந்தது. அவர் கெட்டவர் இல்லை, அனுபவசாலி. வாசல் அவரிடம் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு 1965ல் கால்டுங், ரூகே என்ற இரண்டு பேர் நார்வே பத்திரிகைகளில் காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகள் எப்படி வந்தன என்று பார்த்து, எந்த மாதிரி நிகழ்வு செய்தியாகும் என்று பன்னிரண்டு காரணம் சொன்னார்கள். அதில் நமக்குப் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன். அதிகாரத்தில் இருப்பவர் சம்பந்தப்பட்டால் அது செய்தி. ஒரே நாளில் தொடங்கி முடிந்துவிட்டால் அது செய்தி. பொட்டலம் கொடுப்பது இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், மேடையில் பெரிய மனிதர் இருக்கிறார். லயத்து வீட்டுப் பிரச்சினை முப்பது நாற்பது ஆண்டாக மெதுவாக நடப்பது. நாளிதழ் என்பது ஒவ்வொரு நாளாகத்தான் பார்க்கிறது, அதனால் மெதுவாக நடக்கும் அநியாயம் அதன் கண்ணில் படுவதே இல்லை. வீட்டை இடிக்க இயந்திரம் வந்து நிற்கும் அன்று மட்டும் படம் வரும், அதற்கு முன் இருபது ஆண்டு நடந்தது வராது.

மூன்றாவதாக மக்கோம்ஸ், ஷா செய்த ஆய்வு. 1968 அமெரிக்க அதிபர் தேர்தல் நேரத்தில் சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு வாக்களிப்பது என்று இன்னும் முடிவு செய்யாதவர்களிடம் எது முக்கியமான பிரச்சினை என்று கேட்டார்கள். ஊடகங்கள் எதைப் பெரிதாகப் போட்டனவோ அதையேதான் அவர்களும் வரிசையாகச் சொன்னார்கள். பத்திரிகை "இப்படி நினை" என்று நம்மிடம் சொல்ல வேண்டியதில்லை. எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதைத் தினமும் மேலே வைத்துக் காட்டினால் போதும், அக்கா. அதைத்தான் நீங்கள் மேசையில் விரித்துப் பார்த்திருக்கிறீர்கள்.

நம் நாட்டு உதாரணமும் இரண்டு தருகிறேன். 2013 மே 5 பொதுத் தேர்தல் முடிந்து இரண்டாம் நாள் உத்துசான் மலேசியா என்ற மலாய் நாளிதழ், "சீனர்களுக்கு இன்னும் என்னதான் வேண்டும்" என்று அர்த்தம் வரும் கேள்வியை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டது. அப்போது அது ஆளும் மலாய்க் கட்சியான அம்னோவைச் சேர்ந்த பத்திரிகை என்று எல்லோருக்கும் தெரியும், சார்பு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் 2017 மே 27 தி ஸ்டார் முதல் பக்கத்தைப் பாருங்கள். பயங்கரவாதத் தலைவன் ஒருவனைப் பற்றிய தலைப்பும், நோன்பு மாதத்தின் முதல் தராவீஹ் தொழுகைப் படமும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிட்டன. செய்தியில் பொய் இல்லை, படமும் உண்மையான படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் சேர்ந்து சொன்ன அர்த்தம் மட்டும் மிக மோசம். பத்திரிகை மன்னிப்புக் கேட்டு, மூத்த ஆசிரியர்களைத் தற்காலிகமாக விலக்கி வைத்தது. பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவதைக் காட்டுங்கள். ஒவ்வொரு செய்தியும் சரியாக இருக்கும்போதே பக்கம் தப்பாகப் பேச முடியும் என்று அப்போது புரியும்.

---

லயத்துக்காரர்

எல்லோரும் படித்தவர்கள், நன்றாகச் சொல்கிறீர்கள். ஆனால் எனக்குக் கொஞ்சம் வருத்தம். நான் பால்மரம் வெட்டியவன், பிறகு செம்பனை, தொழிற்சங்கத்திலும் இருந்தேன். எழுபது தாண்டிவிட்டது. தமிழ்ப் பத்திரிகை இல்லாவிட்டால் எங்களைப் பற்றி யார் எழுதியிருப்பார்கள்? தமிழ் நேசன் 1924ல் ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஒருவர் வாங்குவார், வேலை முடிந்து வந்து ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்போம். அப்படித்தான் உலகமே தெரிந்தது. 2019ல் அதை மூடிய அன்று என் வீட்டில் சோறு இறங்கவில்லை.

அதே நேரம் ஒன்றையும் மறைக்க மாட்டேன். எங்கள் தொகுதியில் 1974 முதல் 2008 வரை துன் சாமிவேலுதான் நாடாளுமன்ற உறுப்பினர், தமிழ் நேசனும் பிறகு அவர் குடும்பத்தின் கையில்தான் இருந்தது. அவர் செய்த நல்லதும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தொகுதியில் என்ன குறை என்று அந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்காக நாங்கள் பத்திரிகையை விடவில்லை. இரண்டாவது பத்திரிகையும் வாங்கினோம். இரண்டையும் வைத்துக்கொண்டு நடுவில் எது உண்மையாக இருக்கும் என்று தேநீர்க் கடையில் பேசிப் பேசிக் கண்டுபிடிப்போம். 2008ல் சாமிவேலுவை எதிர்த்து நின்ற டாக்டர் ஜெயகுமார் இங்கே ஜெயித்தபோது வெளியூர்க்காரர்களுக்குத்தான் அதிர்ச்சி. ஊருக்குள் காற்று மாறியது எங்களுக்குத் தெரியும், முதல் பக்கத்துக்குத்தான் தெரியவில்லை.

இன்னும் பின்னால் போய்ப் பாருங்கள். சுங்கை சிப்புட் என்றால் சரித்திரத்தில் 1948 ஜூன் 16தான். எல்பில் தோட்டத்திலும் அடுத்த தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. அது பெரிய கொடுமைதான், செய்தியாக வரவேண்டியதுதான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் தோட்டங்களில் கூலிக்காக எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை பேர் வேலையும் வீடும் இழந்தார்கள், அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? பெரிய எழுத்தில் அச்சானது மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கிறது. அந்த மாணவிப் பிள்ளை சொன்ன ஆய்வுக்கு எங்கள் ஊரே சாட்சி.

டீச்சரம்மா, பிள்ளைகளுக்கு எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், தமிழ்ப் பத்திரிகை வாங்காதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். திட்டவேண்டுமானால் வாங்கிப் படித்துவிட்டுத் திட்டட்டும்.

---

சிப்புட்_டீச்சர்

ஐயா, நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். உங்கள் பதிலை வகுப்பில் வாசித்துக் காட்டப் போகிறேன், அனுமதி கொடுங்கள்.

பழைய மேசை அண்ணே, இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, பிள்ளைகள் பாதிப் பேர் பத்திரிகையே தொடுவதில்லை, முகநூலிலும் புலனத்திலும் (வாட்ஸ்அப்) வருவதைத்தான் பார்க்கிறார்கள். அங்கே முதல் பக்கம் என்பதே இல்லையே, அப்போது இந்தப் பாடம் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? இரண்டு, ஒரு பக்கத்தைப் பார்த்ததும் சார்பைக் கண்டுபிடிக்க எங்கே கண்ணை வைக்கவேண்டும்? மேசையில் இருந்தவர் பார்வையில் சொல்லுங்கள்.

---

பழைய_மேசை

பெரியவருக்கு முதலில் வணக்கம். அவர் சொன்ன இரண்டாவது பத்திரிகை வாங்கும் பழக்கம்தான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது, அதை அவரே சொல்லிவிட்டார். சார்பு ஒரு பத்திரிகையைத் தனியாக வைத்துப் பார்த்தால் தெரியவே தெரியாது. ஒரே நாள், ஒரே நிகழ்ச்சி, இரண்டு மூன்று பத்திரிகை, முடிந்தால் மலாய் ஒன்று, ஆங்கிலம் ஒன்று. அப்படி வைத்தால்தான் ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை என்பது தெரியும். இல்லாததைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமான வேலை, மற்றதெல்லாம் சுலபம்.

ஒரு பக்கத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்றால், முதலில் படங்களில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். கொடுப்பவர் முகம் தெரிந்து வாங்குபவர் முதுகு மட்டும் தெரிகிறதா? பெரிய காசோலை அட்டையைப் பிடித்திருக்கும் படத்தில் பணம் யாருக்கோ அவர் பெயர் படக்குறிப்பில் இருக்கிறதா? பிறகு செய்தியின் முதல் பத்தியில் யார் பேசுகிறார், எத்தனையாவது பத்தியில் பாதிக்கப்பட்டவர் பேசுகிறார். தோட்டத்துச் செய்தி என்றால் பெரும்பாலும் நிர்வாகமோ அதிகாரியோ மேலே பேசுவார், குடியிருப்பவர் கடைசிப் பத்தியில் பெயரில்லாமல் "பொதுமக்கள் சிலர்" என்று வருவார். இடம் பற்றவில்லை என்றால் பக்கம் அமைப்பவர் கீழிருந்துதான் வெட்டுவார். ஆகவே கடைசியில் இருப்பவர் முதலில் காணாமல் போகிறார். கோர்ட்டு வாசலில் நின்ற அந்தப் பெண் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள், அவளுடைய குரல் எழுதப்பட்டு வெட்டப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

அப்புறம் தொடர்ச்சி. அமைச்சர் "மூன்று மாதத்தில் வீடு" என்று சொன்னது முதல் பக்கத்தில் வந்தால், அந்த மூன்று மாதம் முடிந்த அன்று பத்திரிகை என்ன எழுதியது என்று தேடச் சொல்லுங்கள். வாக்குறுதி முதல் பக்கத்தில் வருகிறது, நிறைவேறாதது எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. என் அனுபவத்தில் எங்கள் தொழிலின் பெரிய குறை இதுதான். சார்பில்லாத நல்ல ஆசிரியர்கள்கூட இதில் விழுந்துவிடுவார்கள், ஏனென்றால் நடக்காத ஒன்றுக்கு யாரும் அறிக்கை அனுப்புவதில்லை. அதற்கென்று மேசையில் ஒருவர் நாட்குறிப்பு வைத்துக்கொண்டு தேதி வரும்போது கேட்கவேண்டும்.

எதிர்த்து நின்றவர்களும் நம் நாட்டில் உண்டு, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1961ல் உத்துசான் மெலாயு பத்திரிகையின் ஆசிரியர்களும் தொழிலாளர்களும், பத்திரிகையை அம்னோ தன் பிடிக்குள் கொண்டுவருவதை எதிர்த்து, சைட் சஹாரி தலைமையில் 90 நாளுக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். தோற்றுத்தான் போனார்கள். ஆனால் முதல் பக்கம் யாருடைய சொத்து என்ற கேள்விக்காகச் சம்பளத்தை விட்டு நின்றவர்கள் அவர்கள்.

புலனம், முகநூல் பற்றிக் கேட்டீர்கள். முதல் பக்கம் இல்லை என்பது சரியில்லை. ஒவ்வொரு பிள்ளையின் கைப்பேசியிலும் மேலே எது வரவேண்டும் என்று இப்போதும் யாரோ முடிவு செய்கிறார்கள். முன்பு அது ஓர் ஆசிரியர், அவர் பெயர் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கும், அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போடலாம். இப்போது ஒரு கணினிக் கணக்கு, நீங்கள் எதில் அதிக நேரம் நின்றீர்கள் என்று பார்த்து அதையே மேலே தள்ளுகிறது. இரண்டு பிள்ளைகளின் கைப்பேசியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அன்றைக்கு முதலில் வந்த ஐந்து செய்தியை எழுதச் சொல்லுங்கள். மூன்று பத்திரிகையை விரித்து வைத்ததும் இதுவும் ஒரே பயிற்சிதான்.

---

பினாங்கு_மாணவி

ஐயா, ஒரு சின்ன சேர்க்கை. 2025ல் ஊடக மன்றச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, ஊடகத்தின் மேல் பொதுமக்களின் புகாரைக் கேட்க ஓர் இடம் வந்திருக்கிறது. ஆனால் ஒரு செய்தி தப்பாக வந்தால் புகார் கொடுக்கலாம், வரவே இல்லை என்றால் எப்படிப் புகார் கொடுப்பது? அதுதான் எனக்கு விளங்கவில்லை. 1984 சட்டமும் இன்னும் இருக்கிறது.

---

சிப்புட்_டீச்சர்

அதையேதான் நானும் கேட்கவேண்டும் என்று இருந்தேன் தங்கச்சி. வராத செய்தியை வர வைக்க என்ன செய்வது? அடுத்த விசாரணைத் தேதி வரப்போகிறது. லயத்துக் குடும்பங்களுக்கு ஏதாவது உதவி செய்யமுடியுமா, அண்ணே? பிள்ளைகளே எழுதித் தரத் தயாராக இருக்கிறார்கள்.

---

பழைய_மேசை

எழுதட்டும், நல்ல யோசனை. நான் மேசையில் இருந்தபோது என்ன வந்தால் ஒதுக்க மனம் வராதோ அதைச் சொல்கிறேன்.

விசாரணைக்கு மறுநாள் அனுப்பாதீர்கள், முந்தின நாளே அனுப்புங்கள். எந்த நீதிமன்றம், எத்தனை மணி, எத்தனை குடும்பம், எந்த ஆண்டிலிருந்து குடியிருக்கிறார்கள், இதெல்லாம் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். அநியாயம், கொடுமை என்று எழுத வேண்டாம். காலி செய்யச் சொன்ன கடிதத்தின் நகலை இணைத்தால் அதுவே பேசும். எதிர்த்தரப்பின் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள், மேசையில் இருப்பவர் கூப்பிட்டுக் கேட்க வசதியாக இருக்கும், "ஒரு தரப்பு மட்டும்தான்" என்று ஒதுக்கவும் காரணம் இருக்காது. பேசத் தயாராக இருப்பவர் ஒருவர், முழுப்பெயரோடு, வயதோடு, எத்தனை ஆண்டு அந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்ற விவரத்தோடு வேண்டும், அவர் சம்மதித்தால் மட்டும். வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அனுப்புங்கள், வழக்கு நடக்கும்போது எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும்.

படம் மிக முக்கியம். புலனத்தில் அனுப்பினால் சுருங்கிவிடும், அச்சில் மங்கலாக வரும், மின்னஞ்சலில் முழு அளவில் அனுப்புங்கள். எல்லோரும் வரிசையாக நின்று கையைத் தூக்கும் படம் வேண்டாம், அப்படி நாளுக்கு ஒரு கட்டு வரும். ஒருவர் தன் வீட்டு வாசலில் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், பின்னால் லயம் தெரியட்டும். ஒன்று குறுக்குவாக்கில், ஒன்று நெடுக்குவாக்கில், இரண்டும் இருந்தால் பக்கம் அமைப்பவர் இடத்துக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொள்வார்.

எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள், மலாயிலும் ஒரு பிரதி எழுதுங்கள், பெர்னாமாவின் பேராக் அலுவலகத்துக்கும் போகட்டும். ஒரு பத்திரிகை போட்டால் மற்றது விடமுடியாது. மத்தியானத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், சேர்ந்த பிறகு செய்திப் பிரிவைக் கூப்பிட்டு வந்ததா என்று கேளுங்கள், யாரிடம் பேசினீர்களோ அவர் பெயரை எழுதி வையுங்கள்.

விசாரணை அல்லாத செய்தி, அதாவது அந்தக் குடும்பங்களின் கதை, தனியாக ஒன்று தயார் செய்யுங்கள். அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்புங்கள். சனி ஞாயிறு அரசாங்க அலுவலகம் மூடியிருக்கும், அறிக்கைகள் குறையும், திங்கட்கிழமைப் பதிப்புக்கு மேசையில் செய்தி தேடிக்கொண்டிருப்பார்கள். முதல் பக்கத்தின் மேல்பாதியில் இடம் காலியாக இருப்பது அன்றைக்குத்தான்.